தறியை எண்ணினால் போதுமா?

(காஞ்சிபுரத்தில் நெசவாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பிட்காயின் என்ற சொல் இன்று பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளிலும் கேட்கிறது. "இதற்கு முதலாளி கிடையாது; உலகம் பூராவும் பரவியிருக்கிறது; பணத்தைப் போடு" என்று நம் வாலிபர்களிடம் சொல்கிறார்கள். அவர்கள் கேட்கும் பணம், வயிற்றைக் கட்டிச் சேர்த்த கூலிப் பணம். ஆகவே நாம் விசாரிக்காமல் விட முடியாது. பரவியிருக்கிறது என்றால் எத்தனை இடத்தில்? எந்தெந்த நாட்டில்? யார், எப்படி எண்ணினார்கள்?

2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயினுக்குத் தலைமை ஆபீஸ் இல்லை என்பது மெய்தான். ஒரே கணக்குப் புத்தகத்தை ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று செய்தி சொல்லிச் சரிபார்க்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குச் சுமார் பத்துக் கூட்டாளிகளைத் தானே தேடிக்கொள்ளும். ஆனால் எல்லாக் கம்ப்யூட்டர்களையும் காட்டும் முழு ஜாபிதா எவரிடமும் இல்லை.

ஜாபிதா இல்லாததை எண்ணுவது எப்படி? ஊருக்குப் புதியவர் ஒருவர் நம் தெருவில் தறி எண்ண வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டில் நுழைந்து, "வேறு எங்கெங்கே தறி ஓடுகிறது?" என்று கேட்பார். அங்கே காட்டிய வீடுகளுக்குப் போய் அதையே கேட்பார். புது வீடு அகப்படாதவரை அலைவார். பிட்காயினை எண்ணுகிறவர்களும் இதையே செய்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டரிடம் விலாசம் கேட்டால் ஒரே பதிலில் ஆயிரம் விலாசம்வரை தரும். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, பதில் சொன்னதைக் கணக்கில் சேர்க்கிறார்கள். பிட்நோட்ஸ் என்ற கணக்கு இப்படி எடுக்கப்படுவதுதான். அண்மை வருஷங்களில் வந்த விடை பதினாயிரத்துக்கு மேல். லட்சத்துக்கு வெகு கீழே.

இந்தக் கணக்கில் மூன்று ஓட்டைகள் உண்டு. முதலாவது, திறந்த கதவு மட்டுமே எண்ணப்படுகிறது. வெளியே போய்ப் பேசும், ஆனால் வந்து தட்டினால் திறக்காத கம்ப்யூட்டர்கள் இன்னும் பல மடங்கு. இரண்டாவது, ஒரே ஆள் நூறு கம்ப்யூட்டர் ஓட்டலாம். நம் கோர்வைத் தறியில் ஒரு தறிக்கு இரண்டு பேர் உழைக்கிறார்கள். தறியை எண்ணி ஆளைச் சொல்ல முடியாது. அங்கேயும் அப்படித்தான். மூன்றாவது, விலாசம். பதில் சொன்னவற்றிலேயே பாதிக்கு மேல் டார் என்னும் மறைப்புக்குப் பின்னால் நிற்கின்றன. அவை எந்த நாடு என்றே தெரியாது. மற்றவற்றில் பலவும் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ வாடகைக்கு எடுத்தவை. விலாசம் காட்டுவது இயந்திரம் இருக்கும் கிடங்கை. உடையவன் எந்த ஊரிலும் இருக்கலாம்.

புது நாணயம் எடுக்கும் இயந்திரங்களின் கதை இன்னும் வேடிக்கை. அவற்றின் பலம் எந்த நாட்டில் எவ்வளவு என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் மதிப்பிட்டார்கள். 2019 செப்டம்பரில் சீனாவின் பங்கு சுமார் முக்கால். 2021 மத்தியில் சீன அரசாங்கம் தடை போட்டது. ஜூலை, ஆகஸ்டில் சீனாவின் பங்கு பூஜ்யம் என்றது கணக்கு. செப்டம்பரில் அதே கணக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் என்றது! இயந்திரங்கள் எல்லாம் பறந்து போய் ஒரே மாதத்தில் திரும்பியா வந்தன? இல்லை. வேறு நாட்டு விலாசத்தைக் காட்டிக்கொண்டு பல இயந்திரங்கள் மறைவாக ஓடியிருக்க வேண்டும் என்று கணக்கெடுத்தவர்களே சொன்னார்கள்.

சரி, எண்ணிக்கை பிழையில்லாமல் கிடைத்தது என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து முதலாளி இல்லை என்று ஏற்படுமா? ஒரு தெருவில் நூறு தறி ஓடுகிறது. நூறுக்கும் பாவும் பட்டும் ஜரிகையும் ஒரே கடையிலிருந்து வந்தால், அங்கே கூலியைத் தீர்மானிப்பது நூறு கையா, ஒரு கையா? நமக்குத் தெரியாததா இது! பிட்காயினிலும் 2014 ஜூனில் ஜிஹாஷ் என்ற ஒரே கூட்டு, நாணயம் எடுக்கும் மொத்த பலத்தில் பாதியைத் தொட்டுவிட்டது. கணக்குப் புத்தகம் வைத்திருந்த கம்ப்யூட்டர்கள் அப்போதும் ஆயிரக்கணக்கில் உலகெங்கும் பரவித்தான் கிடந்தன.

நம் கைத்தறிக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 2009-10ல் நாடு முழுவதும் 43 லட்சத்துக்கு மேல் இருந்த கைத்தறித் தொழிலாளர்கள், 2019-20ல் 35 லட்சம் சொச்சம் என்று வந்தது. அதில் குறை இருக்கலாம். ஆனாலும் வீட்டுக்கு வந்தவர், "சொந்தமாக நெய்கிறாயா, மாஸ்டர் வீவரிடமா, சங்கத்திலா?" என்று கேட்டார். கம்ப்யூட்டரைத் தட்டி எண்ணுகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. கேட்க முடியாத கேள்விக்கு "முதலாளி இல்லை" என்று பதில் எங்கிருந்து வந்தது?

ஆகவே தோழர்களே, உலகப் படத்தில் புள்ளி வைத்துக் காட்டிப் பணம் கேட்க யாராவது வந்தால், நம் பிள்ளைகள் மூன்று கேள்வி கேட்கட்டும். எந்தக் கதவு திறந்ததை எண்ணினாய்? திறக்காத கதவு எத்தனை? பாவு யாருடையது? மூன்றுக்கும் பதில் வரும்வரை கூலிப் பணம் நம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்!