புள்ளித்திட்டம் இல்லாத கேள்வி

(நூற்றாண்டு ஒன்றுகூடலில், உயர்தர வகுப்பு மாணவியருக்காகப் பழைய மாணவியர் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



நாங்கள் இருவரும் இங்கே ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருத்தி கொட்டாஞ்சேனை, மற்றவள் வெள்ளவத்தை. உயர்தரம் படிக்கும்போது எந்தக் கேள்விக்கும் எங்களிடம் விடை இருந்தது. பாடசாலைக் குறிப்பு, ரியூசன் குறிப்பு, பத்து வருடக் கடந்தகால வினாத்தாள்கள், புள்ளித்திட்டம் எல்லாம் கையில் இருந்தன. பல்கலைக்கழகத்திலும் மூன்று வருடம் அப்படியே சமாளித்தோம். 2022இல் இறுதியாண்டு ஆய்வேடு எழுத உட்கார்ந்தபோதுதான், விடை எவரிடமும் இல்லாத கேள்வி ஒன்றை முதன்முதலாகச் சந்தித்தோம்.

வரலாறு படித்தவள் ‘இலங்கைத் தமிழ்ப் பெண்களும் அரசியலும்’ என்று தலைப்புக் கொடுத்தாள். மேற்பார்வையாளர் ஓரத்தில் எழுதியது இவ்வளவுதான்: “எந்தப் பெண்? எந்த ஆண்டு?” இரண்டு வாரம் கோபம். பிறகு தேடியபோது நேசம் சரவணமுத்து கிடைத்தார். 1931இல் பெண்களுக்கும் வாக்குரிமை வந்தது. அடுத்த ஆண்டே கொழும்பு வடக்கு இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குப் போனவர் அவர். எங்கள் கொட்டாஞ்சேனைப் பக்கம்தான். அவர் பெயரை அதுவரை நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

சமூகவியல் படித்தவள், வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் எரிவாயு இல்லாமல் எப்படிச் சமைக்கிறார்கள் என்று கேட்கப் புறப்பட்டாள். அந்த வீடுகளில் விறகு மூட்ட முற்றம் இல்லை. பதினைந்து வருடம் ஒரே லிஃப்டில் ஏறி இறங்கிய அயலவரின் கதவை முதன்முதலாகத் தட்டியது வினாக்கொத்தோடுதான்.

அந்த வருடம் உங்களுக்கும் நினைவிருக்கும். மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. கொழும்பு 7இல் உள்ள சுவடிகள் காப்பகத்துக்குப் பாதித் தூரம் நடந்து போய், மூன்று நாள் பழைய பத்திரிகைகளைப் புரட்டி, ஒரே ஒரு பத்தியோடு திரும்பிய வாரமும் உண்டு. கூடப் படித்தவர்கள் பாஸ்போர்ட் வரிசையில் நின்றார்கள். எங்களில் ஒருத்தியின் மேசையிலும் நிரப்பிய பாஸ்போர்ட் விண்ணப்பம் ஆய்வேட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது.

“ஊக்கம் எங்கிருந்து வந்தது?” என்று இப்போது கேட்கிறார்கள். உண்மையைச் சொன்னால், அது வரவில்லை. ஒவ்வோர் இரவும் ஒன்பது மணிக்கு ஒருத்திக்கு ஒருத்தி அனுப்பிய கேள்விதான் வந்தது: “இண்டைக்கு எத்தனை வரி?” சில நாள் பதில் “இரண்டு”. சில நாள் “ஒண்டுமில்லை, அழுதனான்.” ஆனாலும் கேள்வி நிற்கவில்லை. எழுதத் தொடங்கிய பிறகுதான் விருப்பம் பின்னால் வந்தது. விருப்பம் வரட்டும் என்று காத்திருந்த நாட்களில் ஒரு வரியும் எழுதவில்லை.

நூலகங்கள் எட்டாதபோது, 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் தளத்தைக் கைத்தொலைபேசியில் திறந்து படித்தோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த பிறகு, மிஞ்சியதைத் தேடிப் பக்கம் பக்கமாகப் படியெடுத்து வைக்கிறவர்களின் உழைப்பு அடிக்குறிப்பு எழுதும்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எங்களுக்குக் கிடைக்காத ஓர் அத்தியாயத்தை வெளிநாட்டில் இருக்கும் இந்தப் பாடசாலையின் அக்கா ஒருவர் படம் பிடித்து அனுப்பினார். அவரை நாங்கள் இன்றுவரை நேரில் கண்டதில்லை.

இரண்டு ஆய்வேடுகளும் முடிந்தன. அவை பெரிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஆனால் “தெரியாது, தேடிப் பார்க்கிறேன்” என்று வெட்கமில்லாமல் சொல்ல அவைதான் எங்களுக்குப் பழக்கின. அந்த விண்ணப்பம் பிறகு என்னவானது என்று கேட்காதீர்கள். போனாலும் இருந்தாலும், முடித்துவிட்டுத் தீர்மானிப்பது வேறு. முடியாமல் ஓடுவது வேறு.

அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். புலமைப்பரிசில் தருகிறீர்கள், நன்றி. அதோடு உங்களில் ஒவ்வொருவரும் பல்கலைக்கழகம் போகும் ஒரு தங்கையைப் பொறுப்பெடுத்து, எந்த நாட்டில் இருந்தாலும், வாரத்தில் ஒரு தரம் கேளுங்கள்: “எத்தனை வரி?”