வீட்டுக் கோழிக்கும் விதை வேண்டும்

(உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



அறுவடை முடிந்ததும் நாம் முதலில் செய்வது என்ன? களத்தில் குவிந்த நெல்லில் திரண்ட மணிகளாகப் பார்த்து அடுத்த போகத்துக்கு விதை எடுத்து வைக்கிறோம். வீட்டில் எவ்வளவு கஷ்டம் வந்தாலும் விதைக்கோட்டையைத் தொட மனம் வருவதில்லை. ஆனால் அதே வீட்டின் கொல்லைப்புறத்தில் நாம் நடந்துகொள்ளும் முறை வேறாக இருக்கிறது. தீபாவளிக்கு முன்பு வியாபாரி வருகிறார். இருப்பவற்றுள் எடை மிகுந்த சேவலைத் தூக்கிப் பார்த்து நல்ல விலை பேசுகிறார். நாமும் மகிழ்ச்சியுடன் கொடுத்துவிடுகிறோம். வளர்ச்சி குன்றிய சேவல், ஒருவரும் விலை கேளாத சேவல், அதுவே வீட்டில் தங்கி அடுத்த ஆண்டுக் குஞ்சுகளுக்கெல்லாம் தகப்பனாகிறது. விதை நெல்லை விற்றுவிட்டுப் பதரை விதைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

யாரையும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாமே பல ஆண்டுகள் இத்தவற்றைச் செய்திருக்கிறோம். முட்டை சிறுத்தது, கூமுட்டை மிகுந்தது, குஞ்சுகள் நோஞ்சானாயின. தீனியைக் குறை கூறினோம். கண்ணேறு என்றும் சொல்லிக்கொண்டோம். சேவலை மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டு பயனும் ஒரே உடலில்

கிராமத்து வீட்டுக்கு வேண்டியது முட்டைக்கும் இறைச்சிக்கும் ஒருங்கே உதவும் கோழியாகும். நாமக்கல் பண்ணைகளிலுள்ள வெள்ளை முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டை அளவில் இடுகிறது. ஆனால் அதன் உடல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோதான், அடைக்கும் உட்காராது, கலவைத் தீனியின்றி அவ்வளவு முட்டை இடவும் மாட்டாது. மற்றொரு புறம் நமது பெருவிடைக் கோழி உடல் வலிமையில் சிறந்தது. குஞ்சுகளைக் காப்பதில் இணையற்றது. முட்டையோ ஆண்டுக்கு ஐம்பதுக்கும் குறைவே. உடல் பெருக்கப் பெருக்க முட்டை குறையும். முட்டையை மட்டுமே நாடினால் உடலும் அடைக்குணமும் குறையும். இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் அளவைத் தேடிக்கொள்வதே நமது வேலை.

வெளியிலிருந்து குஞ்சு வாங்கினால் என்ன என்று கேட்கலாம். ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா, பெங்களூரின் கிரிராஜா, நமது சென்னையில் உருவான நந்தனம் கோழி ஆகியவை புறக்கடை வளர்ப்புக்கு ஏற்றவையே. வாங்கி வளர்ப்பதில் தவறில்லை. ஆயினும் வனராஜா, கிராமப்பிரியா போன்றவை கலப்பினங்கள். அவற்றின் முட்டையைப் பொரிக்க வைத்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல் ஒரே சீராக வராது. அடைக்கு உட்காரும் குணமும் அவற்றில் குறைவு. ஆகவே ஒவ்வொரு முறையும் குஞ்சுக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தானே பெருகித் தானே நிலைக்கும் கோழிக்கூட்டம் வேண்டுமென்றால் விதையை நாமே காக்க வேண்டும்.

அடைக்கோழியின் அருமை

கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு அடையில் உட்கார்ந்தால் நஷ்டம் என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு வகையில் அது உண்மையே. 21 நாள் அடைகாத்து, பின்பு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு திரியும் கோழி ஏறத்தாழ மூன்று மாதம் முட்டையிடாது. எல்லாக் கோழிகளும் அவ்வாறே செய்தால் வீட்டுக்கு முட்டை கிடைக்காது. ஒன்றுமே செய்யாவிட்டால் கூட்டம் அற்றுப்போகும்.

ஆதலால் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்போம். பத்துப் பெட்டையில் நன்றாக முட்டையிடும் நான்கைந்தை அடையாளம் கண்டுகொள்வோம். அவற்றின் முட்டைகளை, அமைதியாக உட்கார்ந்து குஞ்சுகளைக் கீரிக்கும் பருந்துக்கும் கொடாமல் காக்கும் கோழியின்கீழ் வைப்போம். சிறந்த முட்டைக்காரியின் முட்டை, சிறந்த தாயின் சிறகு. மற்றவை அடைக்கு முனைந்தால் சில நாள் வைக்கோலில்லாத, காற்றோட்டமான கூண்டில் அடைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுத்து வந்தால் அடை தெளிந்துவிடும். மீண்டும் முட்டையிடத் தொடங்கும்.

அடைக்கு வைக்கும் முட்டை ஏழு நாளுக்கு மேற்பட்டதாக இருக்கலாகாது. கோடையில் அதற்கும் முந்தியதாக இருப்பது நல்லது. மிகச் சிறியது, கோணலானது, ஓடு மெலிந்தது ஆகியவற்றை நீக்கிவிட வேண்டும். நாட்டுக்கோழி ஒன்றுக்குப் பத்து முதல் பன்னிரண்டு முட்டை போதும்.

தேர்ந்தெடுக்கும் முறை

பெட்டைகளின் காலில் வெவ்வேறு நிற நூலைக் கட்டிவிட்டு, எந்தக் கோழி எத்தனை முட்டையிட்டது என்பதைச் சுவரில் கோடிட்டுக் குறித்து வந்தாலே போதும். படிப்பறியாத பாட்டிமாரும் இதைச் செய்யலாம். ஒரு பருவம் முடிந்ததும் எது உழைக்கிறது, எது உண்டு திரிகிறது என்பது விளங்கிவிடும்.

சேவலைத் தேர்வதில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு பெட்டையின் குணம் அதன் குஞ்சுகளோடு நிற்கும். சேவலின் குணமோ அவ்வாண்டுக் குஞ்சுகள் அனைத்திலும் படியும். ஒரே காலத்தில் பொரித்த சேவல்களை நான்காம் மாதத்தில் எடை போட்டு, முந்தி நிற்கும் இரண்டு மூன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நெஞ்செலும்பு நேராக, விரல்கள் கோணாமல், கண் தெளிவாக இருக்க வேண்டும். அவற்றுள்ளும் அதிக முட்டையிட்ட தாயின் மகனையே விதைக்கு வைக்க வேண்டும். சேவல் முட்டையிடுவதில்லை, ஆனால் முட்டையிடும் குணத்தைத் தாயிடமிருந்து பெற்றுத் தன் பெண்மக்களுக்குக் கொண்டுசெல்கிறது. பத்துப் பெட்டைக்கு இத்தகைய ஒரு சேவல் போதுமானது.

ஒரு சிறு கணக்கு

பத்துப் பெட்டையும் ஒரு சேவலும் உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். பெட்டைக்கு ஆண்டில் 60 முட்டை வீதம் 600 முட்டை கிடைப்பதாகக் கொள்வோம். அவற்றுள் 60 முட்டையை ஐந்து அடைகளாக வைத்தால், 45 குஞ்சு பொரித்து, கவனமாகக் காத்ததில் 30 வளர்வதாக எண்ணலாம். பாதி பெட்டை, பாதி சேவல். பதினைந்து பெட்டையில் சிறந்த ஐந்தை வைத்துக்கொண்டு, முதிர்ந்த ஐந்தைக் கழித்துவிடலாம். சேவல்களில் இரண்டை விதைக்கு நிறுத்தலாம். எஞ்சிய பெட்டை பத்து, சேவல் பதின்மூன்று. இந்த 23 கோழிகளும், 540 முட்டைகளும் வீட்டுக்கும் சந்தைக்கும். பத்தில் ஒரு பங்கு முட்டையே விதைக்குப் போகிறது. அதற்கு ஈடாகக் கூட்டம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. வியாபாரி எத்தனை ரூபாய் அதிகம் கொடுத்தாலும் அந்த ஐந்து பெட்டையும் இரண்டு சேவலும் விலைக்கு அல்ல என்பதில் உறுதி வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை

இனி, அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பிறந்த சேவலையே வீட்டுப் பெட்டைகளுடன் விட்டுக்கொண்டிருந்தால், தகப்பன் மகளுடனும் அண்ணன் தங்கையுடனும் சேர்ந்து இரத்தம் நெருங்கிப்போகும். கூமுட்டை பெருகுவதற்கும், குஞ்சுகள் தளர்வதற்கும் இதுவும் ஒரு காரணம். தனி வீட்டார் இதைத் தீர்ப்பது கடினம்; ஊர் கூடினால் எளிது.

ஒரு பஞ்சாயத்தில் மூன்று குக்கிராமங்கள் இருப்பதாகக் கொள்வோம். பெட்டைகள் பிறந்த இடத்திலேயே இருக்கட்டும். விதைச் சேவல்கள் மட்டும் ஆண்டுக்கொருமுறை முதல் ஊரிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும், மூன்றாவதிலிருந்து முதலாவதற்கும் போகட்டும். பழைய சேவல்களை விற்றுவிட வேண்டும். விதைக்கு வேண்டாத இளஞ்சேவல்களையும் ஐந்து மாதத்துக்குள் விற்றுவிட வேண்டும். வந்த சேவலை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்து நோயில்லை என்று கண்ட பின்பே கூட்டத்தில் விட வேண்டும். சேவல் மாறிய பிறகு மூன்று வாரம் வரை முட்டையை அடைக்கு வைக்கலாகாது. பழைய சேவலின் வித்து அதுவரை பெட்டையின் உடலில் தங்கியிருக்கக்கூடும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், பொறுப்பேற்கும் இரண்டு பேரும் போதும்.

இரண்டாவது கடமை நோய்த்தடுப்பு. வெள்ளைக்கழிச்சல் வந்துவிட்டால் பல ஆண்டு உழைப்பு ஒரே வாரத்தில் அழியும், வந்தபின் மருந்தில்லை. குஞ்சுக்கு ஏழாம் நாளில் கண்ணில் சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் சிறகின்கீழ் ஊசியும் போட வேண்டும். ஒரு வீட்டார் போட்டு மற்றவர் விட்டுவிட்டால் நோய் ஊரில் தங்கிவிடும். கால்நடை மருத்துவமனையாரைக் கலந்து, கோடைக்கு முன்பே ஒரு நாளைக் குறித்து, தண்டோரா போட்டு எல்லாக் கோழிகளுக்கும் ஒருங்கே போட ஏற்பாடு செய்வது பஞ்சாயத்தின் பொறுப்பாகும். பகலில் திரியும் கோழியைப் பிடிப்பது அரிது. கூட்டைத் திறக்குமுன் விடியற்காலையில் முகாம் தொடங்கினால் ஒன்றும் தப்பாது.

கோழியைக் கவனிப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்களே. முட்டைக் காசு அவர்கள் கைக்காசு. பிள்ளையின் நோட்டுக்கும் பேனாவுக்கும் அவசரத்துக்கு உதவுவது அதுவே. எந்தக் கோழி எப்போது எங்கே முட்டையிடும் என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் யார்? ஆகவே விதைச் சேவலைத் தேரும் நாளில் அவர்களுடைய சொல்லே முதன்மையாக இருக்கட்டும்.

வருகிற தீபாவளிக்கும் வியாபாரி வருவார். எடை மிகுந்த சேவலையே கை நீட்டிக் கேட்பார். அன்று நாம் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே: “மற்றவற்றில் எது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள், இது விதைக்கு நிற்கிறது.” இந்த ஒரு சொல்லை ஊர் முழுவதும் சொல்லப் பழகிவிட்டால், அடுத்த சில ஆண்டுகளில் நம் கொல்லைப்புறத்துக் கோழியே நமக்குக் குஞ்சுப் பண்ணையாகிவிடும்.