லயத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு

பசறை, ஹாலி-எல, நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் பழைய லயங்கள் பலவற்றைச் சரிவை வெட்டித்தான் கட்டினார்கள். பின்கதவைத் திறந்தால் முகத்துக்கு நேரே ஒரு மண்மேடு. அங்கே எதை நட்டாலும் எளிதில் நிலைப்பதில்லை. ஐப்பசியில் பிடிக்கிற மழை தை வரைக்கும் மண்ணைக் கரைத்துக் கானுக்குள் இறக்கும். ஆடி, ஆவணியில் கச்சான் காற்று மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

மழை விட்ட காலையில் அந்த மேட்டைக் குனிந்து பாருங்கள். சின்னச் சின்னக் கற்கள் ஆளுக்கொரு மண் தூணில் உட்கார்ந்திருக்கும். கல்லுக்கு அடியில் இருந்த மண் தப்பிவிட்டது, சுற்றியிருந்தது போய்விட்டது. தூண் எவ்வளவு உயரமோ, அவ்வளவு மண் நட்டம்.

நாமோ தீபாவளிக்கு முன்னால் மண்வெட்டியை எடுத்து அந்த மேட்டைச் சுரண்டி வெள்ளையாக்குகிறோம், பெருமழை வாசலுக்கு வந்து நிற்கிற நேரத்தில்! இது தோட்டம் கற்றுத் தந்த பழக்கம். கோப்பிக் காலத்துத் துரைமாருக்கு ஒரு புல்லும் இல்லாத மலைதான் நல்ல மலை. அதனால் போன மண்ணைப் பற்றி 1931இல் ஒரு குழு அறிக்கை கொடுத்தது, 1951இல் மண் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. மண்வெட்டி மட்டும் ஓயவில்லை.

சுரண்டாமல் விட்டால் பாம்பு வருமே என்பீர்கள். நியாயமான பயம். சுவரை ஒட்டி இரண்டடியை வெறுமையாக விடுங்கள், மேட்டில் சாண் உயரத்துக்கு மேல் போகாத செடியை வையுங்கள்.

என் முதல் தெரிவு, வீதியோரங்களில் புல்லுக்குப் பதிலாக வளர்க்கிறார்களே, மஞ்சள் பூப் பூக்கும் அந்தக் காட்டு நிலக்கடலை. நம்ம கச்சானுக்கு ஒன்றுவிட்ட உறவு. கச்சான் காற்றுக்குக் கச்சான் சொந்தமே காவல்! கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும், அரை நிழலும் தாங்கும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். வறட்சியில் இலையை உதிர்த்தாலும் மழைக்கு மறுபடி துளிர்க்கும்.

இன்னொரு மஞ்சள் பூக்கொடி இருக்கிறது, வெடேலியா. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துச் சிலர் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். பிய்த்து எறிந்த துண்டுகூட விழுந்த இடத்தில் வேர்பிடிக்கும், பக்கத்துக் கீரைப்பாத்தியையும் விழுங்கும். நம் நாட்டில் ஆக்கிரமிப்புத் தாவரம் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

மேட்டின் விளிம்பில் மட்டும், சாண் உயர விதிக்கு விலக்காக, சரிவுக்குக் குறுக்கே ஒரு வரிசை வெட்டிவேர். அது படராது, ஆனால் வேர் ஆளுயரத்துக்கும் கீழே இறங்கும். பீலியடி ஈரத்துக்கு வல்லாரை போதும். சவர்க்காரத் தண்ணீர் ஓடுகிற இடத்து வல்லாரையைச் சம்பலுக்குப் பறிக்க வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இந்தச் செடிகள் மேல்மண்ணைத்தான் பிடிக்கும், மலையைப் பிடிக்காது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை நாம் மறக்கவில்லை. மேட்டில் வெடிப்புக் கண்டாலோ, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பினாலோ, மரம் சாய்ந்தாலோ, செடியைப் பற்றி யோசிக்காமல் பிள்ளைகளோடு வெளியேறிவிடுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் உடனே சொல்லுங்கள்.

மற்றபடி, ஐப்பசியின் முதல் இரண்டு மழை மண்ணை நனைத்ததும் காட்டு நிலக்கடலையை நடலாம். சாண் நீளத் தண்டு, இரண்டு கணு மண்ணுக்குள், தண்டுக்குத் தண்டு ஒரு சாண் இடைவெளி. மேட்டின் மேலிருந்து தொடங்குங்கள். கீழே நட்டு மேலே ஏறினால் நட்டதையே மிதிப்பீர்கள்.