உயிரணுக்குள் ஒரு கட்டளை



ஹேவ்லாக் என்று நாம் அழைத்துப் பழகிய தீவுக்கு, 2018 முதல் சுவராஜ் தீவு என்று பெயர். இங்கு வாழும் நம்மவருள், மார்பில் கட்டி ஒன்று தென்பட்டால், "விடுமுறையில் ஊருக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடும் பெண்மணிகள் உண்டு. சென்னையோ கடலுக்கு அப்பால், சுமார் 1,400 கிலோமீட்டர் தொலைவில். ஆனால் நோய் நம் விடுமுறைக்காகக் காத்திருப்பதில்லை.

உயிரணு தன் விருப்பம்போல் பெருகுவதில்லை. அதன் மேற்புறத்தில் செய்தி ஏற்கும் புரதங்கள் இருக்கின்றன. கிடைத்த செய்தியை அவை உள்ளே அனுப்ப, அது புரதத்திலிருந்து புரதத்துக்குக் கைமாறி அணுவின் கருவை அடைகிறது. அதன் பின்னரே அணு பிளந்து இரண்டாகிறது. ஹெர்-2 என்பது அத்தகைய புரதங்களுள் ஒன்று. மார்பகப் புற்றுநோயாளிகளுள் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பேரிடம் இது அளவுமீறி மிகுந்துவிடுகிறது. அப்போது, வெளியிலிருந்து செய்தி வராமலே "பெருகுக" என்னும் கட்டளை ஓயாது பிறக்கிறது.

இந்த மிகுதி உள்ளவர்களுக்கு நோய் விரைவில் திரும்புகிறது என்பதை, 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய துணைவர்களும் கண்டனர். 1998இல் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது ஹெர்-2 மீது பற்றிக்கொண்டு கட்டளையைத் தடுக்கிறது. உடலின் காவல் அணுக்களுக்கும் புற்றணுவைக் காட்டிக்கொடுக்கிறது. ஒரு காலத்தில் பெரிதும் அஞ்சப்பட்ட இவ்வகை நோய், இன்று நன்கு சிகிச்சை செய்யத்தக்கதாகியிருக்கிறது. இதற்கு நிகரான மருந்தை பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2014இல் நம் நாட்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது.

எனினும் இம்மருந்து எல்லோருக்கும் உரியதன்று. ஹெர்-2 மிகாத நோய்க்கு இதனால் பயனில்லை. இதயத்தைத் தளர்த்தவும் கூடுமாதலால், சிகிச்சைக் காலத்தில் இதயப் பரிசோதனையும் வேண்டும். ஆகவே, எடுத்த தசைத் துணுக்கில் ஹெர்-2 சோதனை செய்யப்பட்டதா என்று மருத்துவரைக் கேளுங்கள். அறிக்கையின் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். சிகிச்சைக்காக வேறு ஊர் செல்ல நேர்ந்தால் அதுவே உங்களுக்கு வழிகாட்டும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கக் காரணமானார். அந்நாளில் இல்லாத மருந்துகள் இன்று உண்டு. அவை பயன்பட வேண்டுமாயின் நாம் காலத்தில் செல்ல வேண்டும். கட்டி தென்பட்டால், ஊருக்குப் போகும் நாளை எண்ணாதீர்கள். தீவிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாளைக் காலையிலேயே செல்லுங்கள்.