நாற்பதும் நம் உடையும்

(விருதுநகர்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

 

நாட்டில் எத்தனையோ சிக்கல்கள் இருக்க, ஆடவர் உடையைப் பற்றிப் பேசுவதற்கும் ஒரு கூட்டமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆள்பாதி ஆடைபாதி என்று சொல்லிவிட்டுப் போகக்கூடிய ஊர்களும் உண்டு. இந்த வெடித்தொழில் வட்டாரத்தில் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. இங்கே ஒருவன் உடுத்தும் துணியில் அவன் உயிரும் முடியப்பட்டிருக்கிறது. ஆதலால்தான் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தைந்தைக் கடந்து நாற்பதை நெருங்கும் ஆடவனை எண்ணிப் பாருங்கள். காதோரம் நரைக்கிறது, இடை பருக்கிறது, இருபதில் தைத்த காற்சட்டை இடுப்பில் ஏற மறுக்கிறது. அவன்முன் கடைத்தெரு இரண்டு வழிகளையே வைக்கிறது. ஒன்று, மகனுக்கு வாங்கியதைத் தந்தையும் மாட்டிக்கொள்வது: தொடையை இறுக்கும் நீலக் காற்சட்டை, பொருள் தெரியாத அயல்மொழி எழுத்தை நெஞ்சில் பொறித்த பனியன். மற்றொன்று, “இனி நமக்கென்ன இருக்கிறது” என்று, மலிவாய்க் கிடைத்த செயற்கையிழைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு காலந்தள்ளுவது. முன்னது அகவையை மறைக்கும் முயற்சி. பின்னது அகவைக்குத் தோற்ற சோர்வு. இவ்விரண்டையும் விட்டு மூன்றாவது வழி ஒன்று உண்டு. நம் கரிசலில் விளையும் பருத்தியும் நம் தறியில் ஓடும் நாடாவும் காட்டும் வழி அது.

முதலில் சொல்லைப் பாருங்கள். துணிக்கப்படுவது துணி, அறுக்கப்படுவது அறுவை, துண்டிக்கப்படுவது துண்டு. வெட்டப்படுவது வேட்டி என்பர் நம் சொல்லாய்வறிஞர். அதனை ‘வேஷ்டி’ என்று பலுக்குவது வடவெழுத்தைப் புகுத்திய திரிபே. கழகக்காலப் புலவர் ஒருவர் பெயரே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பதை மறவாதீர். இச்சொற்கள் யாவும் தறியிலிருந்து அறுத்தெடுத்த துணியைக் குறிப்பன. தைக்காத துணிக்கு ஒரு பெருஞ்சிறப்பு உண்டு; அதற்கு அளவெண் இல்லை. இருபத்தெட்டு அங்குல இடையைச் சுற்றிய அதே நான்குமுழ வேட்டி நாற்பது அங்குல இடையையும் சுற்றும். இளைத்தாலும் பருத்தாலும் உடுத்துவோனை அது நாணச் செய்வதில்லை. அகவைக்கேற்ற உடை எது என்று தேடுவார்க்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

நடு அகவையிலும் அதற்குப் பின்னும் உடையால் ஒரு கொள்கையைச் சொன்னவர்கள் இப்பகுதியில் வாழ்ந்தும் வந்தும் போயிருக்கின்றனர். 1921-ஆம் ஆண்டு செப்தம்பர் 22-ஆம் நாள், மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தியடிகள் நீண்ட உடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். அன்று அவர்க்கு 52 அகவை நிறையப் பத்து நாள்களே இருந்தன. நம் விருதுநகர் ஈன்ற காமராசர், 1954-இல் தம் ஐம்பதாம் அகவையில் முதலமைச்சரானார். அரைக்கைக் கதர்ச்சட்டை, வேட்டி, தோளில் ஒரு துண்டு. இதற்குமேல் அவர் எதனையும் தேடவில்லை. அந்தப் பருத்த உடம்புக்கு அவ்வுடை எவ்வளவு இயல்பாய்ப் பொருந்தியது என்பதை அவர் படத்தைக் கண்டவரெல்லாம் அறிவர்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1956-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள் உண்ணாநோன்பு தொடங்கி, அக்தோபர் 13-ஆம் நாள் உயிர் நீத்த சங்கரலிங்கனாரை நாம் ‘தமிழ்நாடு’ என்னும் பெயருக்காக நினைக்கிறோம், நினைக்கத்தான் வேண்டும். ஆயின், அவர் முன்வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளுள் அரசுப்பணியாளர் கதர் அணிய வேண்டும் என்பதும் ஒன்று. நாட்டின் பெயரைக் கேட்டவர் நாட்டுத் துணியையும் உடன்கேட்டார். பெயர் 1969-இல் நடைமுறைக்கு வந்தது. துணியை நாம்தாம் கொண்டுவர வேண்டும்.

தோழர்களே! இனி நான் வந்த செய்திக்கு வருகிறேன்.

1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டனர். அதன்பின் சிவகாசியில் அத்தொழிலும், அதைத் தொடர்ந்து வெடித்தொழிலும் வேர்விட்டன. மழை குறைந்த, காற்று வறண்ட நிலம் என்பதால் மருந்து விரைவில் உலர்ந்தது. அதே வறண்ட காற்று ஓர் இடரையும் கொண்டுவருகிறது. செயற்கையிழைச் சட்டை உடம்போடும் இருக்கையோடும் உரசும்போது அதன்மேல் மின்னேற்றம் தங்குகிறது. ஈரமுள்ள காற்றில் அது கசிந்துவிடும். வறண்ட காற்றில் கசியாது சேரும். இருட்டில் அத்தகைய சட்டையைக் கழற்றும்போது சடசடவென்று பொறி தெறிப்பதைக் கண்டிருப்பீர்கள். வீட்டில் அது வேடிக்கை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கலந்து கிடக்கும் அறையில் அது கூற்றுவன். பருத்தியோ ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் மின்னேற்றத்தை எளிதில் தங்கவிடுவதில்லை. தீப்பற்றினாலும் பருத்தி எரிந்து சாம்பலாகும். பாலியெசுடர் உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டு புண்ணை ஆழமாக்கும். மருந்தறையில் பருத்தியுடையே உடுத்த வேண்டும் என்ற பாதுகாப்பு நெறி இதனால்தான் எழுந்தது.

2012-ஆம் ஆண்டு செப்தம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிப்பில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கு உடைதான் ஏது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது மாண்டோர்மீது பழி போடுவதாகும். மிகுந்த இருப்பு, மிகுந்த ஆள், உராய்வு, வெப்பம், தவறான கலவை எனப் பலவற்றால் ஆலைகள் வெடிக்கின்றன. அவற்றுக்கு விடை சொல்லவேண்டியவர்கள் உரிமையாளரும் கண்காணிக்கும் அரசினரும். ஆயினும், இத்தனை இடருக்கு நடுவே தொழிலாளி தன் உடம்பின்மேல் தானே சுமந்து செல்லும் இடர் ஒன்றையேனும் நீக்கிவிடலாம் அல்லவா? இருபதில் காலெடுத்து வைத்தவன் நாற்பதில் நான்கு பேருக்குச் சோறிடுபவனாக இருக்கிறான். அவன் சட்டை அவன் வீட்டுக் கூரை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். வேட்டி எல்லா இடத்துக்கும் ஏற்றதன்று. தாழத் தொங்கும் துணி மருந்தறையிலும் பொறியருகிலும் இடரே. அங்கே உடம்போடு அளவாய்த் தைத்த பருத்திச் சட்டையும் பருத்திக் காற்சட்டையுமே தக்கவை. அவற்றை ஆலையே தரவேண்டுமென்று ஒன்றுகூடிக் கேளுங்கள். வீடு, தெரு, அலுவலகம், மேடை, திருமணம் ஆகியவற்றுக்கு வேட்டி. இரவுக்கும் ஓய்வுக்கும் பருத்திச் சாரம். காற்சட்டையே வேண்டுமென்பார் கைத்தறித் துணியில் இடை தளர்வாகத் தைத்துக்கொள்க. அதுவும் நம் உடையே.

“வேட்டி கட்டினால் கட்சிக்காரன் என்கிறார்கள்” என்பர் சிலர். கரையில் கட்சி நிறம் ஏற்றினால் அப்படித்தான் சொல்வர். ஒற்றைப் பச்சைக்கரையோ மாம்பழக்கரையோ போட்ட கைத்தறி வேட்டியை எந்தக் கட்சி தனக்கென்று சொல்லும்? “வெள்ளை அழுக்காகும்” என்பர். சட்டை வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்று எவரும் விதிக்கவில்லை. காவி, சாம்பல், கருநீலம் ஆகிய நிறங்களில் கைத்தறித் துணி கிடைக்கிறது; அவை நரைத்த தலைக்கும் நன்கு பொருந்துவன.

“வேட்டிக்கு மதிப்பில்லை” என்பது மூன்றாம் குறை. 2014-இல் சென்னையில், வேட்டி கட்டிவந்த உயர்முறைமன்ற நடுவர் ஒருவரையே துடுப்பாட்ட மன்றம் ஒன்று உள்ளேவிட மறுத்தது. அதே ஆண்டு ஆகத்தில் சட்டமன்றம் ஒரு சட்டம் செய்தது. வேட்டியைக் கரணியம் காட்டிப் பொதுவிடங்களில் நுழைவைத் தடுப்போர்க்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 உருபா வரை தண்டமும் உண்டு. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்க்கான ஆணையிலும் வேட்டி ஏற்கப்பட்டது. மியன்மாவில் ஆடவர் இடையில் சுற்றிய லோஞ்சியோடு அலுவலகம் செல்கின்றனர். சப்பான் அரசோ 2005-இல், கோடையில் கழுத்துப்பட்டையைக் களைந்து வாருங்கள் என்று தன் அலுவலர்க்குச் சொல்லிக் குளிரூட்டிகளை 28 பாகையில் நிறுத்தியது. குளிர்நாட்டு உடையைக் குளிர் குறைந்த நாட்டினரே கழற்றி வைக்கும்போது, வெயில் கொளுத்தும் விருதுநகரில் நாம் அதனைக் கட்டிக்கொண்டு அழவேண்டுமா?

கடைசியாக, ஏமாறாதிருக்க ஒரு வழி. வெள்ளை வெளேரென்று, கசங்காமல், மலிவாய் விற்கும் வேட்டிகள் பலவற்றில் செயற்கையிழை கலந்திருக்கிறது. ஓரத்திலிருந்து ஓரிழையை உருவி, ஆலையிலிருந்தும் மருந்திலிருந்தும் வெகு தொலைவில், வீட்டில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். தாள் எரிந்த மணத்தோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டி மணியாய்த் திரண்டால் பாலியெசுடர் அதில் உண்டு. அருப்புக்கோட்டையிலும் சுந்தரபாண்டியத்திலும் தறிகள் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு வேட்டி, இரண்டு சட்டைத்துணி அங்கிருந்து வாங்குங்கள். விலை சற்றுக் கூடும். ஆனால் அந்தக் காசு நம் மாவட்டத்து நெசவாளி வீட்டில் உலையாகக் கொதிக்கும்.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் மெல்லிய பருத்தித்துணி மருத்துவமனைகளில் புண்ணுக்குக் கட்டப்படுகிறது. புண்பட்டபின் சுற்றும் துணி நம் பருத்தி. புண்படாமல் காக்கும் துணியும் நம் பருத்தியே ஆகட்டும்!