ஆத்தூர்ல என்ன இருக்கு?

போன வாரம் ஒரு நேயர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. "சென்னையிலேருந்து ஏற்காடுக்கு கார்ல போறோம். ஆத்தூர் வழியாத்தான் போகணும். அங்க பார்க்க ஏதாவது இருக்கா, இல்ல பைபாஸ்லயே போயிடலாமா?" எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. எங்க அம்மாயி ஊர் அது. ஆனா நியாயமா பார்த்தா கோபப்பட எனக்கு உரிமை இல்ல. காலேஜ்ல யாராவது "உங்க பக்கம் என்னடா ஃபேமஸ்?"னு கேட்டா, "ஜவ்வரிசி"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டு நகர்ந்தவன்தான் நானும்.

அதனால இந்த எபிசோட் அவங்களுக்கு.

ஊர் பேரே ஆத்தூர். வசிஷ்ட நதிதான் அந்த ஆறு. கல்வராயன் மலைப் பக்கத்துலேருந்து இறங்கி, கிழக்கே ஓடி, சுவேத நதியோட சேர்ந்து வெள்ளாறு ஆகி, பரங்கிப்பேட்டை கிட்ட கடலுக்குப் போகுது. சென்னையிலேருந்து வர்ற நீங்க இந்த ஆத்துக்கு எதிர்த்திசையில வர்றீங்க. அதனால ஆத்தூருக்கு முன்னாடி தலைவாசல் வரும். அங்க மெயின் ரோட்டை விட்டு உள்ள திரும்புங்க. தியாகனூர்.

சின்ன கிராமம். அங்க ரெண்டு புத்தர் இருக்கார். மியூசியத்துல கண்ணாடிக்குப் பின்னாடி இல்ல, ஊருக்குள்ளயே. பெரியவர் உட்கார்ந்த நிலையிலயே ஆள் உயரத்தைத் தாண்டுவார். முதல்தடவை பார்த்தப்ப எனக்கு அதிர்ச்சி. பௌத்தம்னா காஞ்சிபுரம், நாகப்பட்டினம்னுதான் பள்ளிக்கூடத்துல படிச்சிருந்தேன். எங்க அம்மாயி வீட்லேருந்து பஸ்ல போற தூரத்துல புத்தர் இருக்கார்னு யாரும் சொல்லலை.

இதுக்கு ஒரு தொடர்ச்சி இருக்கு. சேலம் பெரியேரியில தலைவெட்டி முனியப்பன்னு ஒரு சாமி. அந்தச் சிலை புத்தர்தான்னு ஒரு வழக்கு வருஷக்கணக்கா நடந்துச்சு. தொல்லியல் துறை ஆய்வு பண்ணி, ஆமா, புத்தர் சிலைதான்னு அறிக்கை கொடுத்தாங்க. 2022ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த இடத்தைத் தொல்லியல் துறை எடுத்துக்கணும், பூஜை பண்ணக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. தீர்ப்பு சரின்னுதான் நினைக்கிறேன். ஆனா, முனியப்பான்னு கும்பிட்டுட்டு இருந்த ஒரு கிழவியை நினைச்சா மனசு ஒரு மாதிரி ஆகுது. அவங்களுக்குத் தெரிஞ்ச பேரு அதுதானே.

பக்கத்துலயே ஆறகளூர். மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களோட தலைநகரா இருந்த ஊர். காமநாதீஸ்வரர் கோயில்ல எட்டு பைரவர்களையும் பார்க்கலாம். தேய்பிறை அஷ்டமியில போனீங்கன்னா கூட்டம் இருக்கும், வேற நாள் போங்க.

இப்ப ஆத்தூர். கோட்டை.

17ம் நூற்றாண்டுல லட்சுமண நாயக்கர்னு ஒரு பாளையக்காரர் கட்டினது. புதையல் கிடைச்சு, அந்தக் காசுல கட்டினார்னு ஊர்ல கதை சொல்வாங்க. சுமார் 62 ஏக்கர். ஆத்தங்கரையை ஒட்டியே எழும்பி நிக்கிற சுவர். அப்புறம் மைசூர் சிக்கதேவராயர் பிடிச்சார். 1768ல கர்னல் வுட் வந்து பிடிச்சார், ஹைதர் அலி திருப்பி வாங்கினார். 1792ல ஸ்ரீரங்கப்பட்டின ஒப்பந்தம். திப்பு சுல்தான் விட்டுக்கொடுத்த பகுதிகளோட சேலம் சீமையும் கம்பெனிக்குப் போச்சு. அதாவது, எங்கயோ காவிரிக்கரையில ஒரு கையெழுத்து, இங்க கொடி மாறிடுச்சு.

சின்ன வயசுல எங்களுக்குக் கோட்டைன்னா பாம்பு. "அந்தப் பக்கம் போனே, கால ஒடிச்சிருவேன்"னு அம்மாயி மிரட்டும். மறைஞ்சு மறைஞ்சு போவோம்.

இப்ப அது மத்திய தொல்லியல் துறையோட பாதுகாக்கப்பட்ட சின்னம். ஆனா நீங்க செஞ்சி மாதிரி டிக்கெட் எடுத்து நுழையற காலிக் கோட்டையை எதிர்பார்த்தா ஏமாந்துருவீங்க. கோட்டைங்கறது இங்க ஒரு குடியிருப்பு. வீடு இருக்கு, கொடியில துணி காயுது, கோயில்ல மணி அடிக்குது. இந்த மாதிரி சின்னத்தைச் சுத்தி 100 மீட்டருக்குப் புதுசா எதுவும் கட்டக்கூடாது, அதுக்கு அப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும்னு சட்டம். 'ஆக்கிரமிப்பு, எல்லாரையும் காலி பண்ணுங்க'ன்னு சொல்றது சுலபம். நானும் ஒரு காலத்துல அப்படித்தான் பேசினேன். ஆனா தலைமுறையா அங்கயே இருக்கறவங்களுக்குக் கூடுதலா ஒரு ரூம் கட்டக்கூட வழி கிடையாது. சுவரும் நிக்கணும், அவங்களும் நல்லா இருக்கணும். இதுக்கு என்கிட்ட ரெடிமேட் பதில் இல்ல. போறவங்க, அடுத்தவங்க வாசல்ல நின்னு ரீல்ஸ் எடுக்காம இருந்தா, அதுவே போதும்.

அங்கதான் காயநிர்மலேஸ்வரர் கோயில். இந்த ஆத்தங்கரையில பஞ்சபூத தலங்கள்னு அஞ்சு சொல்வாங்க. பேளூர் நிலம், ஏத்தாப்பூர் நீர், ஆத்தூர் நெருப்பு, ஆறகளூர் காற்று, கூகையூர் ஆகாயம். அஞ்சுலயும் வசிஷ்டர் பூஜை பண்ணினார்னு ஐதீகம்.

சாமி கும்பிட்டுட்டு ஆத்துப் பக்கம் வந்து பாருங்க. மழை இல்லாத மாசத்துல அங்க ஓடறது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடை. கரையெல்லாம் குப்பை. கோட்டைக்கு நீல போர்டு வெச்சு, சேதப்படுத்தினா தண்டனைன்னு எழுதியிருக்காங்க. கோட்டையை இந்த இடத்துல கட்ட வெச்சதே ஆறுதான். அஞ்சு கோயிலும் வந்தது ஆத்தாலதான். அதுக்கு ஒரு போர்டும் கிடையாது. அம்மாயி அந்த ஆத்துல துணி துவைச்சவங்க. கடைசியா நான் கூட்டிட்டுப் போனப்ப, பாலத்துல வண்டியை நிறுத்த வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

அப்படியே மேற்கே வந்தா புத்திரகவுண்டன்பாளையம், முத்துமலை முருகன். 2022ல கும்பாபிஷேகம் ஆச்சு. 146 அடி, மலேசியா பத்துமலை முருகனை விட ஆறு அடி கூட. ரெண்டையும் செஞ்சது திருவாரூர் ஸ்தபதி தியாகராஜன்தான். நான் சொல்லாட்டியும் நீங்க நிறுத்துவீங்க, ரோட்டுலேருந்தே தெரியும். லீவு நாள்னா பார்க்கிங்குக்கு அலையணும். கோட்டையில அந்தத் தொந்தரவு இல்ல.

ஏற்காட்டுக்கு ரெண்டு மூணு மணி நேரம் லேட்டாப் போனா ஒண்ணும் ஆகாது. ஆனா கொண்டை ஊசி வளைவெல்லாம் இருக்கு, இருட்டறதுக்கு முன்னாடி மலை ஏறிடுங்க. போயிட்டு வந்து இன்னொரு வாய்ஸ் மெசேஜ் போடுங்க. தியாகனூருக்கு வழி யார்கிட்ட கேட்டீங்க, அவங்க என்ன பேர் சொல்லி வழி காட்டினாங்கன்னு கேட்க ஆசையா இருக்கு.