அடிச்சோறும் பார்க்க வேண்டும்

(கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் இளைஞர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து உங்கள் ஆலத்தூர் நாட்டுக்கு நான் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. காட்டு வேலை முடித்து வந்த களைப்பிலும் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். வழக்கமாக நான் மேடையேறினால் பிறருடைய மூடத்தனத்தைப் பற்றிப் பேசுவேன். இன்று என்னுடைய மூடத்தனம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. அது இந்த ஊரில் வாங்கிய கடன். ஆகவே இந்த ஊரிலேயே தீர்க்க வேண்டும் என்று வந்திருக்கிறேன்.

சென்ற முறை நான் இங்கு பேசியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். 'பொன்னியின் செல்வன்' நாவல் 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாகச் சினிமாவாக வந்து, ஊரெல்லாம் சோழ மயமாய்க் கிடந்த பிறகு அது. நான் அந்த நாவலைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் தாக்கினேன். இராஜ பக்தியை வளர்க்கிற நூல், சோதிடத்துக்குக் கொடி பிடிக்கிற நூல், ஏழை எளியவனுக்கு இடமே இல்லாத நூல் என்றெல்லாம் அடுக்கினேன். நீங்களும் கை தட்டினீர்கள்.

கூட்டம் முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு பெண் எழுந்து, "அய்யா, அந்தப் புத்தகத்தை நீங்கள் முழுசும் படித்தீர்களா?" என்று கேட்டார். நான் முதல் பாகத்தில் பாதிவரை படித்து மூடி வைத்தவன். மூன்று தடவை எடுத்திருக்கிறேன்; மூன்று தடவையும் அதே இடத்தில்தான் மூடினேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் அம்மா" என்று பழமொழியைச் சொல்லிச் சமாளித்தேன். அந்தப் பெண் விடவில்லை. "நீங்கள் பார்த்தது மேல் சோறுதானே அய்யா? அடியில் பிடித்திருந்தால் மேலே எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

தோழர்களே! நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். டீக்கடையில் பத்திரிகையை எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழ் கற்றவன். எத்தனையோ பண்டிதர்களோடு வாதாடியிருக்கிறேன். ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்றால், பூசாரியைப் பார்த்து நான் என்ன கேட்கிறேன்? "வேதத்தில் இருக்கிறது என்கிறாயே, நீ வேதத்தைப் படித்தாயா?" என்றுதானே கேட்கிறேன்? படிக்காமலே புகழ்கிறவன் பக்தன் என்றால், படிக்காமலே இகழ்ந்த நான் யார்? இரண்டு பேரும் ஒரே கோயிலில் முறை வைத்து மணியடிக்கிறவர்கள்தானே?

நம் இயக்கத்தின் வழி இதுவல்ல. பெரியார் இராமாயணத்தைத் தாக்கினார் என்றால், படித்துவிட்டுத் தாக்கினார். 'இராமாயணப் பாத்திரங்கள்' என்று ஒவ்வொருவராக எடுத்து வைத்து எழுதினார். 1943இல் அண்ணா சென்னையிலே சேதுப்பிள்ளை அவர்களோடும், மலையிறங்கினால் பக்கத்தில் இருக்கிற சேலத்திலே சோமசுந்தர பாரதியார் அவர்களோடும் கம்பராமாயணத்தைப் பற்றி வாதம் செய்தார். நூலைப் படிக்காமல் அந்த மேடையில் நின்றிருந்தால் பண்டிதர்கள் அரை நாழிகையில் உட்கார வைத்திருப்பார்கள். எதிராளியின் புத்தகத்தை எதிராளியைவிட நன்றாகப் படிப்பதே நமக்கு ஆயுதம். நான் ஆயுதம் இல்லாமல் கை வீசிக் கொண்டிருந்திருக்கிறேன்.

படித்த பாடு

ஆகவே வாசகசாலையில் அய்ந்து பாகங்களையும் எடுத்து வந்து உட்கார்ந்தேன். பட்ட பாட்டைச் சொல்லுகிறேன். அய்ந்து பாகத்திலும் சேர்த்து 293 அத்தியாயங்கள். கடைசிப் பாகத்தில் மட்டும் 91. உங்கள் மலைப்பாதைக்கு 70 வளைவுதான். அதற்கே வயிற்றைப் புரட்டுகிறது. இதில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வளைவு. ஒருவன் கதவைத் தட்டுவான், அத்தோடு அத்தியாயம் முடியும். ஒரு கை இருட்டில் நீளும், அத்தோடு முடியும். நான் எரிச்சலோடு மூடுவேன், மறுநாள் எடுப்பேன், ஆட்களின் பெயர் மறந்து போகும், பின்னால் பத்துப் பக்கம் திரும்பிப் போவேன்.

பிறகுதான் காரணம் புரிந்தது. இது ஒரே மூச்சில் படிக்க எழுதிய நூல் அல்ல. 1950 முதல் 1954 வரை 'கல்கி' வாரப் பத்திரிகையில் வாரந்தோறும் வந்தது. வாரத்திற்கு ஒன்றிரண்டு அத்தியாயம் படிக்கிறவன் அடுத்த வாரமும் பத்திரிகை வாங்க வேண்டுமே, அதற்காகப் போட்ட முடிச்சுகள் அவை. வாரச் சந்தைக்குச் சாமானை அளந்து கொடுப்பது போல எழுதியதை நான் மூட்டையோடு விழுங்கப் பார்த்தேன். அன்று முதல் நாளைக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொண்டேன். அய்ந்து மாதம் ஆயிற்று; முடித்துவிட்டேன்.

நான் திரும்பப் பெறுபவை

முடித்த பிறகு என் பழைய பேச்சை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஏழை எளியவர்களுக்கு இடமே இல்லை என்று சொன்னேன். அது பொய். கோடிக்கரையிலே படகு தள்ளுகிற பூங்குழலி இருக்கிறாள். பூப்பறித்துக் கோயிலுக்குக் கொடுக்கிற சேந்தன் அமுதன் இருக்கிறான். பேச முடியாத மந்தாகினி, அரசனுக்கு வந்த வேலைத் தன் மேல் வாங்கிச் சாகிறாள். மதச் சண்டையை வளர்க்கிறது என்றும் சொன்னேன். அதுவும் பொய். ஆழ்வார்க்கடியான் சைவர்களோடு தடியைத் தூக்கிக்கொண்டு மல்லுக்கு நிற்பதைப் படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஆசிரியரும் நாம் சிரிப்பதற்காகவே எழுதியிருக்கிறார். இந்த இரண்டு குற்றச்சாட்டையும் இதே மேடையில் நான் திரும்பப் பெற்றுக் கொள்கிறேன்.

அடியில் பிடித்தது

அப்படியானால் நாவல் குற்றமற்றதா என்று கேட்பீர்கள். இங்கேதான் அந்தப் பெண்ணின் கேள்விக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அடிச்சோறு வரைக்கும் போனதால்தான் அடியில் பிடித்திருப்பது தெரிந்தது.

சேந்தன் அமுதனைச் சொன்னேன் அல்லவா? பூப்பறிக்கிறவன், ஊமைத் தாய்க்கு மகன். நாலு பாகம் வரைக்கும் அப்படித்தான் வருகிறான். கடைசிப் பாகத்தில் அவனுக்குச் சோழ ராஜ்யத்தின் முடியே கிடைக்கிறது. "ஆகா, பூக்காரனுக்கு முடியா! சபாஷ்!" என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்தபடியாக என்ன தெரிகிறது? அவன் பூக்காரி வயிற்றுப் பிள்ளையே இல்லையாம். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்து, குழந்தையிலே கைமாறிப் போன அரச குமாரனாம்! இதுநாள் வரை இளவரசனாய் வளர்ந்தவனோ அரச வயிற்றில் பிறந்தவன் இல்லையாம். ஆகவே அவன் விலக வேண்டுமாம்!

கவனியுங்கள் தோழர்களே! அந்தச் சேந்தன் அமுதன் நல்லவன், நேர்மையானவன் என்று 200 அத்தியாயத்துக்கு மேல் காட்டியாகிவிட்டது. அந்த நற்குணம் போதவில்லை. பிறப்புச் சான்று வந்த பிறகுதான் முடி தலையில் ஏறுகிறது. அரண்மனையில் வளர்ந்தாலும் இரத்தம் வேறானால் முடி இறங்குகிறது. குணத்தால் ஒன்றுமில்லை, வளர்ப்பால் ஒன்றுமில்லை, பிறப்பே எல்லாம் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வருணாசிரமத்தை நேரே வந்து சொன்னால் நீங்கள் விரட்டி விடுவீர்கள். கதைக்குள் வைத்துக் கொடுத்தால் கண்ணீர் விட்டு ஏற்றுக்கொள்கிறீர்கள். ஆசிரியர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் படிக்கிறவர்களுக்கும் அது இயற்கை என்று பட்டிருக்கிறது. அதுதான் அதைவிட ஆபத்து.

இரண்டாவது விஷயம், கரிகாலனைக் கொன்றது யார் என்பது. நாவல் அதைக் கடைசி வரைக்கும் புகைமூட்டமாகவே விட்டுவிடுகிறது. சதிகாரன் ரவிதாசன் அதில் மந்திரவாதியாக வருகிறான். ஆனால் காட்டுமன்னார்கோயில் பக்கத்திலே உடையார்குடிக் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. நாவல் தொடங்குகிற அதே வீராணத்து ஏரிக்கரைப் பக்கம்தான். இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. அதில் கரிகாலனைக் கொன்றவர்களாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்ற உடன்பிறந்தார் பெயர்கள் இருக்கின்றன. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்றும், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்றும் பட்டம். பிரமாதிராஜன் என்பது அரசர்கள் பார்ப்பன அதிகாரிகளுக்குக் கொடுத்த பட்டம். மந்திரவாதி அல்ல, அரசாங்கத்தில் செல்வாக்கோடு இருந்தவர்கள்! கொலை நடந்து சுமார் 15 ஆண்டுக்குப் பிறகு வெட்டிய அந்தக் கல்வெட்டு பேசுவதோ, அவர்களுடைய, அவர்கள் உறவினருடைய நிலத்தைப் பறித்த கணக்கு. ஓர் இளவரசனைக் கொன்ற குற்றத்துக்குக் கல்லில் நமக்குக் கிடைப்பது நிலக் கணக்குத்தான். ஏன் என்று யோசிக்க வேண்டியது உங்கள் வேலை. நாவலை மட்டும் படித்தவனுக்கு இந்தக் கேள்வி வராது. கல்வெட்டை மட்டும் படித்தவனுக்கு நாவல் எதை மாற்றியது என்பது தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, வால் நட்சத்திரம். அது தோன்றினால் அரச குடும்பத்தில் சாவு என்று கதையில் எல்லோரும் நடுங்குகிறார்கள்; கரிகாலனும் சாகிறான். படிக்கிறவன் மனதில், "பார், பலித்துவிட்டது!" என்று தங்கிவிடுகிறது. வால் நட்சத்திரம் கணக்குப்படி வந்து போகிற பொருள் என்று ஹாலி என்ற இங்கிலாந்துக்காரர் 1705இல் எழுதினார். 1758இல் ஒன்று திரும்பி வரும் என்று கணக்குப் போட்டார். அவர் செத்த பிறகு, சொன்னபடியே வந்தது. அதே நட்சத்திரம் 989இலும் வந்தது என்பது இன்று தெரிந்த கணக்கு. 989இல் சோழநாட்டில் யார் அரசன்? இராஜராஜன், 985இல் பட்டமேறியவன். நட்சத்திரம் வந்து போன பிறகு 25 ஆண்டு, 1014 வரைக்கும் அவன் ஆண்டான்; தஞ்சைப் பெரிய கோயிலும் கட்டினான். சாவு எங்கே போயிற்று? வழி தவறி வேறு நாட்டுக்குப் போய்விட்டதா?

உங்களுக்கும் ஒரு சொல்

அந்த நாவல் ஆடிப் பதினெட்டிலே தொடங்குகிறது. அதே ஆடிப் பெருக்கில்தான் உங்கள் மலையில் வல்வில் ஓரிக்கு அரசாங்கம் விழா எடுக்கிறது. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு அய்ந்தையும் துளைத்தது என்று புலவர் பாடியிருக்கிறார். நம் ஆள் என்பதற்காக அதைக் கேள்வி கேட்காமல் விடலாமா? பரிசு வாங்கிய புலவர் பாடினார், சரி. அந்தப் புலவருக்குச் சோறு போட்ட தினையை விதைத்தவன் யார்? காரியிடம் ஓரி தோற்று மடிந்து, மலை சேரன் கைக்குப் போனபோது அந்தக் காட்டுக்காரன் கதி என்ன? சோழனைக் கேட்ட கேள்வியை ஓரியையும் கேட்க வேண்டும். இல்லையேல் நாம் கடவுளை மாற்றிக்கொண்டவர்களே ஒழிய, பகுத்தறிவுக்காரர்கள் ஆகமாட்டோம்.

தோழர்களே! முடிவாகச் சொல்லுகிறேன். ஒரு பெரிய நூலை முடிக்க முடியாமல் திணறுவது வெட்கக்கேடு அல்ல. "எனக்குப் பிடிக்கவில்லை, பாதியில் வைத்துவிட்டேன்" என்று சொல்ல எவனுக்கும் உரிமை உண்டு. உலகமே புகழ்ந்தாலும் உண்டு. ஆனால் பாதியில் வைத்தவன் பாதியைப் பற்றி மட்டும் பேச வேண்டும். முழுப் பானைக்கும் தீர்ப்புச் சொல்லக் கிளம்பினால் அடிச்சோற்றையும் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் இப்போது மேற்படிப்புக்குக் கீழே இறங்கிப் போயிருப்பதாகச் சொன்னார்கள். மிக்க மகிழ்ச்சி. ஆனால் அவரோடு அந்தக் கேள்வியும் மலையிறங்கிப் போய்விடக்கூடாது. அடுத்த முறை நான் இங்கு வந்து எந்த நூலைப் பற்றிப் பேசினாலும், கை தட்டுவதற்கு முன்னால், உங்களில் ஒருவர் எழுந்து, "முழுசும் படித்தாயா?" என்று என்னைக் கேட்க வேண்டும். இன்று நான் சொன்னவற்றையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். நூல் வாசகசாலையில் இருக்கிறது; கல்வெட்டு உடையார்குடியில் இருக்கிறது; அறிவு உங்களிடம் இருக்கிறது. பார்த்துச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.